கமாகுராவுக்கு ஒரு பகல் ரயில்

டோக்கியோவில் வேலைக்கு வந்து சேர்கிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் ரயில் என்றால் அலுவலக ரயில்தான். காலை நெரிசல், முதுகுப்பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி நிற்பது, யாரும் யாரோடும் கதைக்காத பெட்டி. அதே தண்டவாளம் ஞாயிற்றுக்கிழமை நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்க மனம் வரவே கொஞ்சக் காலம் எடுக்கும். எங்களுக்கு அந்த யோசனை வந்தபோது தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது நிக்கோ, ஹகோனே, கமாகுரா ஆகிய மூன்றைத்தான். நிக்கோ ஒரு பகலுக்குத் தூரம். ஹகோனேயில் மலை ரயில், கேபிள் கார், ஏரிக் கப்பல் என்று மாறி மாறி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கமாகுராவுக்கு டோக்கியோ நிலையத்திலிருந்து ஒரே ரயில், ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஏறத்தாழ ஆயிரம் யென். சரி, அதுவே போதும் என்று முடிவெடுத்தோம்.

நாங்கள் இருப்பது நிஷிகசாய். இந்தியக் கடைகள் இருப்பதால் உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் அலைய வேண்டியதில்லை. அதற்காகவே நம்மவர்கள் பலர் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார்கள். இங்கிருந்து தோசாய் பாதையில் ஒதேமாச்சி போய், நிலத்தடி வழியாகவே டோக்கியோ நிலையத்துக்கு நடக்கலாம். கமாகுரா போகிற யொகொசுகா பாதையின் மேடை அந்த நிலையத்தின் அடியாழத்தில் இருக்கிறது. நகரும் படிகளில் இறங்க இறங்க இன்னொன்று வரும். ஆகவே கையில் பத்து நிமிடமாவது கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. ஜூஷி அல்லது குரிஹாமா என்று போட்ட ரயில் கமாகுராவில் நிற்கும். ஓஃபுனாவோடு முடிந்துவிடுகிற ரயில்களும் உண்டு. ஷின்ஜுகுவிலிருந்து ஏறுகிறவர்கள் இன்னும் கவனமாகப் பலகையைப் பார்க்க வேண்டும், அங்கே ஒரே மேடையில் ஓடவாரா பக்கம் திரும்புகிற ரயிலும் வரும்.

ஓஃபுனாவில் ஜன்னலுக்கு வெளியே மரங்களுக்கு மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய முகம் தெரியும். அது பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கன்னோனின் சிலை. 1929இல் தொடங்கி 1960இல்தான் முடித்தார்கள். அதைத் தாண்டிய அடுத்த நிலையம் கித்தா கமாகுரா. பெரும்பாலான சனம் இறங்காமல் கமாகுராவுக்கே போகும். நீங்கள் இறங்குங்கள்.

நிலையத்தை ஒட்டியே எங்காகுஜி என்ற ஜென் பௌத்தக் கோயில் இருக்கிறது. ஒட்டி என்று சொல்வதே குறைவு. 1889இல் யொகொசுகா கடற்படைத் தளத்துக்காக இந்தப் பாதையைப் போட்டபோது கோயில் நிலத்தை ஊடறுத்துத்தான் போட்டார்கள். கோயில் குளம் ஒரு பக்கம், வாசல் படிகள் மறு பக்கம், நடுவில் ரயில் ஓடுகிறது. கோயிலைக் கட்டியது 1282இல், ஹோஜோ தொகிமுனே. கமாகுரா அப்போது சாமுராய் அரசின் இருப்பிடம், அந்த அரசை நடத்தியவர் அவர். 1274இலும் 1281இலும் மங்கோலியப் படைகள் கடல் தாண்டி வந்து கியூஷூவில் இறங்கின. அந்தப் போர்களில் மாண்ட தன் ஆட்களோடு, படையெடுத்து வந்து மாண்டவர்களையும் சேர்த்து நினைப்பதற்காகக் கட்டிய கோயில் இது. கடைசிப் போர் முடிந்த மறு வருடமே தொடங்கிவிட்டது. போரில் இறந்த பிள்ளைக்கு ஒரு விளக்கு ஏற்றுவதற்கே தடை உத்தரவு வந்த இலங்கையிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படிகளை ஏறுவது வெறும் சுற்றுலாவாக இருப்பதில்லை. தேவதாரு மரங்களின் கீழே நெடுநேரம் நின்றோம்.

அடுத்த நிலையம் கமாகுரா. கொமாச்சித் தெருவில் சனம் அள்ளும், சீக்கிரம் கடந்துவிடலாம். நெரிசலில் நடந்துகொண்டே சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி நகரசபை 2019இல் ஒரு விதி கொண்டுவந்தது. தண்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் சனம் கடை வாசலிலேயே நின்று தின்று முடிக்கிறது.

பெரிய புத்தரைப் பார்க்க எனோடென் என்ற சிறு ரயிலில் ஏறி ஹாசேயில் இறங்க வேண்டும், மூன்றாவது நிறுத்தம். கோதோகுயின் கோயிலில் இருக்கும் இந்த வெண்கலச் சிலையை 1252இல் வார்க்கத் தொடங்கினார்கள். பீடம் நீங்கலாக 11 மீட்டருக்குச் சற்று மேல், எடை 121 தொன். முன்பு மேலே மண்டபம் இருந்தது. புயலும் கடலும் கொண்டுபோனபின் பல நூற்றாண்டுகளாக வெட்டவெளியில்தான். சிலையின் வயிற்றுக்குள் புகுந்து பார்க்கத் தனியாக ஒரு சிறு கட்டணம். உள்ளே வார்ப்புப் பொருத்துகள் தெரியும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அதே வளாகத்தில் ஒரு கல் இருக்கிறது. ஜே.ஆர். ஜயவர்த்தனவின் நினைவுக்கல். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், இலங்கையின் நிதியமைச்சராகப் பேசிய அவர், ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்கப் போவதில்லை என்று சொன்னார். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லித்தான் அதைச் சொன்னார். அந்த வாக்கைப் பொறித்து 1991இல் கல்லை நட்டிருக்கிறார்கள். நாங்கள் இலங்கை என்று தெரிந்ததும் வயதான ஜப்பானியர் சிலர் இந்தப் பேச்சைச் சொல்லி நன்றி சொல்வது உண்டு. எங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரேதான். கல்லில் அதற்கு இடமில்லை, அதை எழுத வேண்டியது ஜப்பானியரின் பொறுப்பும் அல்ல. நல்ல பேச்சு, தோற்றுக் கிடந்த நாட்டுக்கு அது கைகொடுத்தது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று படம் எடுக்க மனம் வரவில்லை. காலையில் பார்த்த தொகிமுனேயின் கோயில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் தன்னை எதிர்த்துச் சண்டை போட்டவர்களையும் நினைத்தார். மனைவி பலகையை முழுவதும் வாசித்தாள். பிறகு, "வாங்கோ, பசிக்குது" என்றாள்.

இந்தக் கரையின் பிரபல சாப்பாடு ஷிராசு, அதாவது நெத்தலிக் குஞ்சு. அவித்ததைச் சோற்றில் குவித்துத் தருவார்கள். கொஞ்சம் சம்பல் இருந்தால் இன்னும் எடுபடும் என்பது என் கருத்து. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கையில் கட்டிக்கொண்டு போவதே நல்லது, சூப்பிலும் சோஸிலும் மீன் சாறு கலந்திருக்கும். கட்டிக்கொண்டு போனாலும் கடற்கரையில் பிரிக்க வேண்டாம். பருந்து பின்னாலிருந்து வந்து கையோடு பறிக்கும்; எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல.

ஹாசேயிலிருந்து திரும்பி வராமல் முன்னோக்கியே போவது என் யோசனை. எனோடென் மொத்தம் 10 கிலோமீட்டர்தான், 1902இல் ஓடத் தொடங்கியது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் ரயிலுக்கு வழிவிட ஆங்காங்கே காத்து நிற்கும். கொல்லைப்புறக் கொடியில் காயும் உடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் போகும். பிறகு சட்டென்று இடப்பக்கம் கடல். கொஷிகோயே தாண்டியதும் வாகனங்களோடு வாகனமாக நடுத் தெருவில் ஓடுகிறது. ஒரு கூடைப்பந்துக் கார்ட்டூனால் புகழடைந்த கடவையில் எப்போதும் கமராக் கூட்டம் நிற்கும், அங்கே இறங்காவிட்டால் நட்டமில்லை.

கடைசி நிலையம் ஃபுஜிசாவா. அங்கிருந்து தோகாய்தோ பாதையில் டோக்கியோ நிலையம் வரை மாறாமல் வரலாம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஞாயிறு மாலை இருக்கை கிடைப்பது கடினம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் கூடுதல் கட்டணம் கட்டி உட்காரும் கிரீன் பெட்டிக்கு ஏறுமுன்பே மேடையில் காசு கட்டிவிடுங்கள், ஏறியபின் கட்டினால் விலை கூட.