ஏழு அங்குலச் சண்டை

கோபிசெட்டிபாளையம் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாயி, மஞ்சப்பையில் முருங்கைக்காய்களுக்கு நடுவிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு, "கண்ணு, சாப்புட்டியா சாமி?" என்று வீடியோவில் பேத்தியைக் கூப்பிட்டார்.

ஏழு அங்குலம் இருக்கும். ஒரு கைக்கு அடக்கம்.

இந்த அளவுக்குத்தான் எவ்வளவு சண்டை! 2010-ல் ஐபேட் வந்த அதே ஆண்டு, சாம்சங் ஏழு அங்குல கேலக்ஸி டேப்பைக் கொண்டுவந்தது. இந்தச் சைஸெல்லாம் தேறாது என்றார் ஐபேடைக் கொண்டுவந்த ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2011-ல் அமேசான் 199 டாலருக்குக் கிண்டில் ஃபயரை இறக்கியது. மறு ஆண்டு கூகுள், அதே விலையில் நெக்சஸ் 7.

அப்புறம் 2012 கடைசியில் ஆப்பிளே 7.9 அங்குல ஐபேட் மினியோடு வந்து நின்றது.

யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. முட்டி மோதியதால்தான் விலை இறங்கியது. திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னும் நாலு கம்பெனி சண்டைக்கு வரட்டும்.