இடிமழை ஓய்ந்த பிறகு செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் இடி முழங்கினால் ரேடியோ வயரைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்போம். பயம் முழுக்க மின்னலுக்குத்தான். கனடாவின் ஒன்ராறியோவில் காற்றுக்கும் பயப்பட வேண்டும் என்பதை 2022 மே 21 காட்டியது.

விக்டோரியா தின விடுமுறைச் சனிக்கிழமை. நாங்கள் இருக்கும் ஏஜாக்ஸ் நகரில் கைப்பேசிகள் எல்லாம் அவசர எச்சரிக்கையோடு ஒரேயடியாக அலறின. கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்து, மழை பக்கவாட்டில் அடித்தது. நிலவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

அந்த வகைப் புயலுக்கு டெரேச்சோ என்று பெயர். இடிமேகங்கள் வரிசையாகச் சேர்ந்து, நேர்கோட்டுக் காற்றைத் தள்ளிக்கொண்டே நகரும். அன்று சார்னியா பக்கம் தொடங்கி கியூபெக் நகரம் வரை சுமார் 1000 கிலோமீட்டர் ஓடியது. எங்களுக்கு வடக்கே அக்ஸ்பிரிட்ஜில் அதற்குள்ளேயே ஒரு சுழல்காற்றும் உருவானது. அன்றைய புயலில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் மரம் விழுந்து இறந்தவர்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஓய்ந்ததும் வெளியே வந்தால், பக்கத்து வீட்டு ஸ்ப்ரூஸ் மரம் எங்கள் வேலியில் சாய்ந்து கிடந்தது. கிளையை இழுக்கப் போன என் கணவரைப் பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் தடுத்தார். “வயர் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு படம் எடுங்கள், அப்புறம் வெட்டலாம்.” அவர் சொன்ன வரிசையே சரி. அறுந்த வயர் கிடந்தால் 10 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். காப்புறுதிக்கு வேலி, கூரை, ஷிங்கிள்ஸ் (கூரைமேல் பதிக்கும் தகடுகள்) விழுந்த இடம் எல்லாவற்றையும் அள்ளுவதற்கு முன்பே படம் பிடிக்க வேண்டும். மரம் யாருடையதாக இருந்தாலும், உங்கள் வீட்டுச் சேதத்துக்குப் பெரும்பாலும் உங்கள் காப்புறுதியிடம்தான் முதலில் போக வேண்டும்.

வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விழுந்த மரங்களைப் பார்த்துத்தான் காற்றை அளக்கிறார்கள். மரங்கள் ஒரே திசையில் கிடந்தால் நேர்கோட்டுக் காற்று. ஒரு கோட்டை நோக்கிக் குவிந்து கிடந்தால் சுழல்காற்று. எங்கள் தெருவில் எல்லாம் கிழக்குப் பக்கமாகவே கிடந்தன.

ஃப்ரீசர் நிறைய மீன் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: கரண்ட் போனால், கதவைத் திறக்காமல் விட்டால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜ் 4 மணி நேரந்தான். ஜெனரேட்டர் வாங்கினால், வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே வேண்டாம். அதன் புகை ஆளைக் கொல்லும்.