டென்டர்ஹூக்ஸும் ஸ்டென்டர் மிஷினும்

3.3.2025, திங்கள்
எங்க கம்பெனில துணிச் சரக்கு வாங்கற லண்டன் பையர் போன்ல, அத ரெண்டு வாரம் முன்னாடியே ஏத்திருங்கன்னாரு. நான் பதறிப்போய் நிட்டிங் (துணி பின்னறது), டையிங் (சாயம் ஏத்தறது)னு கணக்குப் போட ஆரம்பிச்சா, "ஐயம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்"ங்கறாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. நம்மூர்ல காலை வாருறதுன்னா கூட இருந்தே கவுத்து விடறதுதானே? சீனியர் அக்காதான், "கலாய்க்கறாரு கண்ணு, வேற ஒண்ணுமில்ல"ன்னாங்க. இனிமே காதுல விழறத எல்லாம் நம்ம பேச்சோட சேத்து எழுதி வைக்கப்போறேன், வெறும் அர்த்தத்த மனப்பாடம் பண்ணா எனக்கு நிக்கவே மாட்டேங்குது.

5.3.2025, புதன்
மெயில்ல "வீ ஆர் ஆன் டென்டர்ஹூக்ஸ்"னு இருந்துச்சு. டென்டர்னதும் கொட்டேஷன் கேக்கறாங்கன்னு நெனச்சு ரேட் அனுப்பப் போயிட்டேன், அக்கா தடுத்தாங்க. சாம்பிள் என்னாச்சோன்னு தவிச்சுக்கிட்டு இருக்காங்களாம்.

8.3.2025, சனி
பிராசசிங் மில்லுக்குப் போயிருந்தேன். ஸ்டென்டர்ல துணி ஓடுது, ரெண்டு ஓரத்தையும் ஊசி வரிசை கவ்விப் புடிச்சு விறைப்பா இழுத்துக்கிட்டே சூடான சேம்பருக்குள்ள கொண்டு போகுது, அகலமும் ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கணக்கு) அங்கதான் செட் ஆகும். வெளிய வந்த துணியோட ஓரத்த தடவிப் பாத்தேன், பொடிப்பொடியா ஓட்டை. அப்பதான் பொறி தட்டுச்சு. அந்தக் காலத்துல இங்கிலாந்துல நனைஞ்ச கம்பளித் துணி சுருங்காம இருக்க மரச்சட்டத்துல கொக்கி போட்டு இழுத்துக் காயவெப்பாங்க, அந்தச் சட்டத்துக்குப் பேரே டென்டர், கொக்கிதான் டென்டர்ஹூக். தெனமும் நாங்க சொல்ற ஸ்டென்டரும் அதே வேலையத்தான் பண்ணுது! நாம முள்ளு மேல நிக்கற மாதிரி இருக்குதுங்கறோம், அவங்க கொக்கியில மாட்டுன துணி மாதிரிங்கறாங்க. இனி சாகற வரைக்கும் மறக்காது.

14.3.2025, வெள்ளி
"டைடு இன் த வுல்". நூலா நூக்கறதுக்கு முன்னாடியே கம்பளிக்கு சாயம் ஏத்திட்டா கலர் உள்ள வரைக்கும் புடிச்சுக்கும், சுலபத்துல போகாது. கொள்கையில அசைக்கவே முடியாத ஆளுக்கு அப்படிச் சொல்லுவாங்க. எங்க தாத்தா, சாகற வரைக்கும் ஒரே கட்சி. "அதுலயே ஊறிப்போன மனுஷன்"னு ஊரே சொல்லும். ஊறறதும் சாயத்தொட்டி வார்த்தைதானே, எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க.

லேப் டிப் (கலர் சரியான்னு பாக்க சாயம் ஏத்துன சின்ன துணி சாம்பிள்) அனுப்பி நாலு நாளாச்சு, அப்ரூவல் இன்னும் வரல. சாயங்காலம் மெயில் போட்டேன், கடைசி வரியில "வீ ஆர் ஆன் டென்டர்ஹூக்ஸ்"னு யாரையும் கேக்காம நானே எழுதுனேன்.