ஆபீஸ் முடிஞ்சப்புறம் கொல்கத்தா

கொல்கத்தா பிராஞ்சுக்கு ஆடிட் போக ஆள் வேணும்னு மெயில் வந்தப்ப எங்க டீம்ல ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி நழுவிட்டாங்க, கடைசில என் தலையில வந்து விழுந்துச்சு. இதே மும்பைன்னா அடிச்சுகிட்டிருப்பாங்க. கொல்கத்தான்னா நம்மாளுங்க மனசுல இருக்குறது கூட்டம், பந்த், இடிஞ்சு விழுற கட்டடம், எதை வாயில வச்சாலும் கடுகெண்ணெய் வாசம், அவ்ளோதான். நானும் ரெண்டு பாக்கெட் புளிக்காய்ச்சல் பையில போட்டுகிட்டுதான் கெளம்பினேன்.

போய்ப் பாத்தா அதுல எதுவும் பெருசா பொய் இல்ல. கூட்டம் இருக்கு, நடைபாதை முழுக்க கடை, ஜனவரியில காத்துல இருக்குற தூசியும் பொகையும் தொண்டையப் புடிக்குது. ஆனா பகல் பூரா ஃபைலுக்குள்ள கெடந்துட்டு சாயங்காலம் மட்டும் ஃப்ரீயா இருக்குறவனுக்கு இவ்ளோ தோதான ஊரை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. மத்த ஊர்ல சுத்திப் பாக்கணும்னா ஒரு நாள் ஒதுக்கி வண்டி புடிச்சு லைன்ல நின்னு போகணும், இங்க ஆபீஸ்லேருந்து ரூமுக்குத் திரும்பிப் போறதே ஊர் சுத்துற மாதிரிதான்.

ஆபீஸ் இருந்தது டல்ஹவுசியில, இப்ப பிபிடி பாக். பினோய், பாதல், தினேஷ்னு இருபது வயசை ஒட்டின மூணு சுதந்திரப் போராட்டப் பசங்க 1930ல, வெள்ளைக்கார அரசாங்கத்தோட தலைமைச் செயலகமா அங்க இருந்த ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள்ள நேரா நுழைஞ்சு ஜெயில் ஐஜி சிம்ப்சனைச் சுட்டாங்க, அவங்க மூணு பேர் பேரோட முதல் எழுத்துதான் அந்த பிபிடி. எனக்கு ரூம் போட்டது ஹூக்ளி ஆத்துக்கு அந்தப் பக்கம், ஹவுரா ஸ்டேஷன் கிட்ட. சீப்பா இருக்கட்டும்னு கம்பெனி போட்ட ரூம்தான், ஆனா அதனால தெனமும் ரெண்டு தடவை ஆத்தைத் தாண்டற வேலை வந்துச்சு பாருங்க, அதுதான் யோகம்.

தாண்டறதுக்கு மூணு வழி. ஒண்ணு படகு. டல்ஹவுசியிலேருந்து பொடிநடையா ஃபேர்லி காட்ங்கிற படித்துறைக்குப் போனா அங்கேருந்து ஹவுராவுக்கு ஃபெர்ரி, டிக்கெட் ஒரு டீ காசுதான், ஆபீஸ் பை மாட்டினவன், சைக்கிள் வச்சவன், காய்கறி மூட்டை எல்லாம் ஒண்ணா நிக்குது. அங்க குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே பொழுது சாஞ்சிடும், அதனால நான் ஏறும்போது இருட்டி பாலத்துல லைட்டு போட்டிருப்பாங்க. ரெண்டாவது, மண்ணுக்கடியில. மஹாகரண் ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறினா அடுத்த ஸ்டாப்பே ஹவுரா, நடுவுல அரை கிலோமீட்டர் ஆத்துக்கு அடியில போகுது, இந்தியாவுல ஆத்துக்கு அடியில மெட்ரோ ஓடற முதல் இடம் அதுதான், 2024 மார்ச்ல தொறந்தாங்க. ஆறு வர்ற இடம் தெரியட்டும்னு சுரங்கத்துல நீல லைட்டு போட்டிருக்காங்க, முக்கால் நிமிஷத்துல முடிஞ்சுடும். முதல்ல ஜன்னல்ல மூக்கை வச்சுப் பாத்தது நான் மட்டும்தான்னு நெனச்சேன், பக்கத்துல ஒரு உள்ளூர் தாத்தாவும் அதையேதான் பண்ணிட்டிருந்தாரு.

மூணாவது பாலம். ஹவுரா பிரிட்ஜ 1943ல தொறந்தாங்க, உலகப் போர் நடந்துட்டிருந்த சமயம், ஜப்பான் குண்டு போட்டுடுவான்னு பயந்து விழாவே வைக்காம ராத்திரியில தொறந்து விட்டாங்களாம். 26,500 டன் இரும்பு, நட்டு போல்ட்டே கிடையாது, முழுக்க ரிவிட். இவ்ளோ பெரிய பாலத்தைக் குண்டு ஒண்ணும் பண்ணல, ஆனா நம்ம ஜனங்க பான் போட்டுத் துப்பித் துப்பி தூணோட அடிப்பாகத்தை அரிச்செடுத்துட்டாங்க, கடைசில ஃபைபர் கிளாஸ் கவர் போட்டாங்க! காலையில நடந்தே வந்தா பாலத்துக்குக் கீழ மல்லிக் காட் பூ மார்க்கெட், செண்டுமல்லிச் சரத்தை ஆள் ஒசரத்துக்கு சுருட்டித் தோள்ல போட்டுகிட்டு விக்கிறாங்க, கண்ணு கூசுற ஆரஞ்சு. நம்மூர் மாதிரி நெருக்கக் கட்டின மல்லிச் சரம்தான் எங்கயும் கண்ணுல படல.

சாப்பாட்டைப் பத்தி என்ன சொல்ல, புளிக்காய்ச்சல் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்ல. மத்தியானம் டேக்கர்ஸ் லேன்ல காய்கறி போட்ட சிக்கன் ஸ்டியூ, கூட டோஸ்ட், மொளகு வாசம், அந்தக் குளிருக்கு அமிர்தம். குளிர்காலத்துல மட்டும் நொலேன் குர் வரும், ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்குற புது வெல்லம், அதைப் போட்டு செஞ்ச சந்தேஷ்ங்கிற பால் ஸ்வீட் ஒண்ணு சாப்ட்டுப் பாருங்க, கருப்பட்டிக்கு ஏங்குற நாக்கு இருக்குறவன் அந்தக் கடையை விட்டு நகர மாட்டான். பிரியாணியில ஒரு முழு உருளைக்கிழங்கு கெடக்கும். லக்னோவை ஆண்ட அவத் நவாப் வாஜித் அலி ஷாகிட்டேருந்து 1856ல வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்தைப் புடுங்கினப்புறம் அவரு இங்க மெட்டியாபுருஸ்ல வந்து தங்கினாரு, கறி வாங்க காசில்லாம சமையக்காரங்க கிழங்கு போட்டாங்கன்னு எல்லாரும் கதை சொல்றாங்க. வருஷத்துக்கு 12 லட்சம் பென்ஷன் வாங்கின மனுஷனுக்கா கறிக்குக் காசில்ல? ஆடிட்டரா நான் இந்தக் கணக்கை ஒத்துக்க மாட்டேன். கிழங்கு நல்லா இருந்துச்சு, அதனாலதான் போட்டிருப்பாங்க.

ட்ராமும் ஏறினேன், எஸ்பிளனேடுலேருந்து. 1873ல குதிரை இழுத்து ஆரம்பிச்சது, இப்ப ஒண்ணு ரெண்டு ரூட்டுதான் மிச்சம், சென்னையில 1953லயே நிறுத்திட்டாங்க இல்லையா, அதனால எனக்கு அது ஒரு ஆசை. நடந்து போறவனே முந்திடுவான், ஆனா யாரும் அதுக்கு அலுத்துக்கல. இந்த ஊர்ல எனக்கு ரொம்ப புடிச்சது இந்த நிதானம்தான். பிராஞ்சுல இருந்த சீனியர் அக்கவுண்டன்ட் ஒருத்தர்கிட்ட ஒரு வவுச்சர் கேட்டா முதல்ல மண் குவளையில டீ வரும், அப்புறம் ஃபுட்பால், அப்புறம் அரசியல், அப்புறம்தான் வவுச்சர், ஆனா வவுச்சர் வந்தா பக்காவா இருக்கும். சென்னையிலேருந்து வந்திருக்கேன்னதும் "லேக் மார்க்கெட் போங்க, உங்காளுங்க நெறைய, வாழையிலை, காபித்தூள் எல்லாம் கெடைக்கும்"னாரு. போனேன், வாழையிலைக் கட்டும் இருந்துச்சு, பலமா தமிழ்ப் பேச்சு சத்தமும் கேட்டுச்சு.

அடுத்த ஆடிட்டுக்கும் பேரைக் குடுத்துட்டேன், இப்ப டீம்ல இன்னும் ரெண்டு பேர் போட்டிக்கு வர்றாங்க, எல்லாம் நான் வாங்கிட்டு வந்த அந்த சந்தேஷ் டப்பா பண்ண வேலை. யாராச்சும் போறதா இருந்தா ஒண்ணு மட்டும் சொல்றேன், காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புஸ்தகக் கடைங்களை ஞாயித்துக்கிழமைக்குன்னு ஒதுக்கி வைக்காதீங்க, அன்னிக்கு முக்கால்வாசி கடை பூட்டியிருக்கும். சனிக்கிழமை மத்தியானமே போயிடுங்க, கையில சில்லறையும் காலிப் பையும் எடுத்துட்டு.