சூடானால் நின்றுபோன பிக்கப்: இசிஎம் மாற்றிய அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருந்துகொண்டு மாங்காய், தக்காளி என்று லோடு அடிக்கிற பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். 2018 மாடல், பிஎஸ்-4, காமன் ரெயில் டீசல், அதாவது டீசலை ஒரு பொதுக் குழாயில் அதிக அழுத்தத்தில் வைத்துக் கம்ப்யூட்டர் சொல்படி தெளிக்கிற என்ஜின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மாங்காய் சீசன் நடுவில் அதன் இசிஎம், அதாவது என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது. மாற்றியாகிவிட்டது, இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி பழைய பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை கண்ணால் பார்த்தேன். நம் பக்கத்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கிற பலர் அதைச் செய்யாமலே ஆயிரக்கணக்கில் பணத்தை விடுகிறார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

காலையில் வண்டிக்கு ஒரு தொல்லையும் இருக்காது. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போய் இறக்கும் வரை சரியாக இருக்கும். மத்தியானம் ரிட்டன் லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் திடீரென்று அணைந்துவிடும். இழுவை குறைவது, புகை தள்ளுவது என்று முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். பின்னால் கனரக லாரிகள் வரிசையாக ஏறி வருகிற ஏற்றத்தில் லோடு வண்டி செத்து நிற்பது என்ன பயம் என்று அந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். காரணம் தெரிகிற வரை தொப்பூர் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்து, பர்கூர், காவேரிப்பட்டணம் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு மட்டும் பெங்களூரா மாங்காய் ஓட்டினேன்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது, என்ஜின் சுற்றுவதைப் பெட்டிக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரைத்தான். அது நியாயமான சந்தேகம். அந்த சென்சார் பல வண்டிகளில் இப்படித்தான் சாகும். டீசல் ஃபில்டரும் கிராங்க் சென்சாரும் மாற்றியாகிவிட்டது, பிரச்சினை அப்படியே இருந்தது. அடுத்துப் பார்த்த ஒரு ஷெட்டில், வண்டியின் கம்ப்யூட்டர்களோடு பேசிக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரைக்கூடச் செருகாமல், "இசிஎம் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார்கள். புதுப்பெட்டிக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிருஷ்ணகிரியில் பழைய காலத்து டைனமோ வேலையிலிருந்து இன்றைய வயரிங் வரை பார்க்கிற எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், "ணா, பெட்டிதான் போச்சுங்கறாங்க, மாத்திடலாமா?" என்றேன். "பெட்டிக்குச் சோறு தண்ணி சரியாப் போகுதான்னு மொதல்ல பாக்கணும் தம்பி. அது போகலன்னா புதுப்பெட்டியும் இப்படித்தான் நிக்கும்" என்றார்.

அவர் சொன்ன சோறு தண்ணி கரண்டும் எர்த்தும்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சோதித்துப் பயனில்லை என்று, வெயிலில் ஓட்டி நிற்க வைத்துவிட்டுத்தான் மீட்டரைக் கையில் எடுத்தார். ஸ்கேனர் மீட்டர் போர்டோடு பேசியது, என்ஜின் பெட்டி மட்டும் பதில் சொல்லவில்லை. யு0100 என்ற கோடு, அதாவது கோளாறைச் சொல்கிற குறியீடு (code), வந்தது. என்ஜின் பெட்டியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று மற்ற யூனிட்கள் புகார் சொல்கிற கோடு அது. அதை வைத்துப் பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஃப்யூஸ் போனாலும், பெட்டிக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற மெயின் ரிலே ஒட்டாமல் போனாலும், ஒரு எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் இதே கோடுதான் வரும்.

ரிலே, ஃப்யூஸ் இரண்டையும் பார்த்தார், சரியாக இருந்தன. பெட்டியின் கனெக்டரில் கரண்ட் வருகிற பின்னில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. அங்கே நிறுத்தாமல் ஒரு ஹெட்லைட் பல்பை அந்த ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் நடுவில் கொடுத்து எரிய விட்டார். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒயருக்குள் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், பல்பு மட்டும் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். எங்கள் வண்டியில் பளிச்சென்று எரிந்தது. பல்பு எரியும்போதே எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தார், 0.1 வோல்ட்கூட இல்லை. அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில், யூனிட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஒயர்கள் வந்து சேரும் 6-ம் பின்னுக்கும் 14-ம் பின்னுக்கும் நடுவில் ஓம்ஸ் (மின்தடை) பார்த்தார். 60 வந்தது. இரு முனையிலும் 120 ஓம்ஸ் உள்ள லைன் என்பதால் 60 வந்தால் அந்த ஒயர்கள் அறுபடவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக சென்சார்களுக்குப் பெட்டி அனுப்புகிற 5 வோல்ட். அது துளிகூட வரவில்லை. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் அந்த 5 வோல்ட்டை இழுத்து உட்கார வைத்துவிடும் என்பதால் ரெயில் பிரஷர், ஆக்ஸிலேட்டர் பெடல், பூஸ்ட் என்று சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் கழன்ற பிறகும் 5 வோல்ட் திரும்பவில்லை. பெட்டிதான் காரணம் என்று இங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவருக்கு அதுவும் போதவில்லை. மறுநாள் விடியற்காலையில், என்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, பெட்டியை மட்டும் முடி உலர்த்தும் டிரையரால் மெதுவாகச் சூடேற்றினார். கொஞ்ச நேரத்தில் என்ஜின் அணைந்தது, ஸ்கேனரும் தொடர்பை இழந்தது. ஃபேன் காற்றில் பெட்டியை ஆறவைத்ததும் ஸ்டார்ட் ஆனது. என்ஜின், பம்பு, கிராங்க் சென்சார் எதுவும் சூடாகாமலே வண்டி நின்றுவிட்டது என்றால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை.

இனி வழிகள் மூன்று. கம்பெனியில் புதிது வாங்கி புரோகிராம் செய்வது, பழைய போர்டையே பழுது பார்ப்பது, அதே நம்பர் உள்ள செகண்ட் ஹேண்ட் பெட்டியை வாங்கி நம் பெட்டியின் டேட்டாவை அதில் ஏற்றுவது. போர்டு பழுதை ஓசூரில் ஒருவரிடம் கேட்டேன். சூட்டில் விரிந்து சுருங்கி சால்டரிங் விட்டுப்போன இடத்தைச் சரிசெய்யலாம், ஆனால் பிசின் ஊற்றி மூடிய போர்டில் வேறு எங்கே விரிசல் இருக்கிறது என்று உறுதி தர முடியாது என்று நேர்மையாகச் சொன்னார். தொப்பூர் ஏறுகிற வண்டிக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம் என்று மூன்றாவது வழிக்குப் போனேன். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடி, லேபிளில் இருக்கிற ஹார்டுவேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற பெட்டியை பில்லோடு வாங்கினேன். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று பில்லில் எழுதித் தராத கடையில், விலை குறைவாக இருந்தாலும் வாங்கவில்லை. திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். செலவு மொத்தமும் சேர்த்துப் புதுப்பெட்டி விலையில் பாதிகூட வரவில்லை.

டேட்டா ஏற்றாமல் அப்படியே மாட்டினால் என்ன ஆகும் என்று பலர் கேட்டார்கள். ஸ்டார்ட்டே ஆகாது. சாவியில் உள்ள சிப், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு யூனிட்), இசிஎம் மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் டீசல் திறக்கும். சேசிஸ் நம்பரும் உள்ளேதான் இருக்கிறது. காமன் ரெயிலில் இன்னொன்றும் உண்டு. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற ஒவ்வொரு இன்ஜெக்டரும் தயாரிப்பில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், அந்த வேறுபாட்டைச் சொல்கிற கோடு அதன் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த சிலிண்டரில் எந்தக் கோடு என்று பெட்டிக்குத் தெரியாவிட்டால் ஐடிலில் உதறும், தட்டும், புகை வரும். பழைய பெட்டி ஆறியிருக்கும்போது உயிரோடு இருந்ததால், அதன் முழு டேட்டாவையும் ஓசூர்க்காரர் மேசையில் ஃபேன் காற்றில் வைத்துப் படித்து எடுத்துவிட்டார். பெட்டி முழுவதும் செத்த பிறகு வந்திருந்தால் இந்த வேலை மிகவும் கஷ்டம் என்றார். தொல்லை கொடுக்க ஆரம்பித்த பெட்டியைச் சாகும்வரை ஓட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இன்ஜெக்டர் கோடுகளை போனில் போட்டோ எடுத்து, ஏற்றிய டேட்டாவோடு ஒப்பிட்டோம். "இதோடயே இழுவையை ஏத்தித் தரட்டுமா?" என்று ஓசூர்க்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். கம்பெனி வைத்த அளவுக்குத்தான் கிளட்சும் டர்போவும் செய்யப்பட்டிருக்கின்றன, புகைச் சான்றிதழும் எடுக்க வேண்டும்.

மாட்டுவது சின்ன வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, பின்களைக் கையால் தொடாமல் கனெக்டரைச் செருகி லீவரைப் பூட்டினோம். கனெக்டர் ரப்பர் வழியாகப் பழைய பெட்டியில் தண்ணீர் இறங்கிய பச்சைக் களிம்பு தெரிந்ததால் ரப்பரையும் மாற்றினோம். வாட்டர் வாஷில் அந்த இடத்தில் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். ஸ்டார்ட் செய்ததும் அண்ணன் முதலில் பார்த்தது டைனமோ சார்ஜை. 14.2 வோல்ட், சரியான அளவு. 15-ஐத் தாண்டியிருந்தால் புதுப்பெட்டியையும் அது காலி பண்ணிவிடும்.

பிறகு கோடுகளை அழித்துவிட்டு, வேண்டுமென்றே மத்தியான வெயிலில் ஃபுல் லோடோடு சேலத்திலிருந்து தொப்பூர் ஏறினேன். ஸ்கேனர் செருகியபடி அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். 5 வோல்ட் கடைசி வரை அசையவில்லை, ஒரு கோடும் பதியவில்லை. இப்போது சீசன் முடிந்து தக்காளி லோடு ஓடுகிறது. பெட்டியின் டேட்டா காப்பியை பென்டிரைவில் வாங்கி ஆர்சி ஜெராக்ஸோடு வீட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பாடியில் கம்பி வெல்டிங் வேலை இருக்கிறது. பேட்டரியையும் இசிஎம் கனெக்டரையும் கழற்றிய பிறகுதான் வெல்டிங் ராடு வைக்க வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.