போல்ட் லூசாக இருக்கிறது, சுடலாமா?

பழைய ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி வீட்டுப் பட்டறையில் சீர்செய்யும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பெரியது. அந்த வட்டத்தில் அடிக்கடி எழும் கேள்விதான் தலைப்பில் இருப்பது. கேட்பவர் கையில் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்ட் .303 இருக்கும். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் உருளை. வருகிற பதில்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். "என்னுடையதும் அப்படித்தான் ஆடும், நன்றாகவே சுடுகிறது" என்பது ஒன்று. "இதுகூடத் தெரியாமல் ஏன் வாங்கினாய்" என்பது மற்றது. இரண்டாவதை எல்லோரும் மரியாதைக் குறைவு என்பார்கள். என்னைக் கேட்டால் முதலாவதுதான் மோசம். சதுர அங்குலத்துக்கு நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும் ஒரு பொருளைக் கன்னத்தில் அணைத்துக்கொண்டு சுடப்போகிறவரிடம், அளந்து பார்க்காமல் "பரவாயில்லை" என்று சொல்வது எந்த ஊர் மரியாதை?

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவே முடியாது. திருப்பிக் கேட்க வேண்டியவைதான் நிறைய. எந்த மாடல், நம்பர் 1 மார்க் 3-ஆ, நம்பர் 4-ஆ, இஷாப்பூர் 2ஏ1-ஆ? போல்ட்டின் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் உடற்பகுதியில், இருக்கும் எண்ணும் ஒன்றா? போல்ட் ஆடுவது திறந்திருக்கும்போதா, மூடிய பிறகா? திறந்த நிலையில் லீ-என்ஃபீல்ட் போல்ட் ஆடத்தான் செய்யும். சேற்றிலும் ஓட வேண்டும் என்று தாராளமான இடைவெளி விட்டுச் செய்தது அது. மூடிய பிறகு ஆடினால் ஹெட்ஸ்பேஸ் அளக்கும் வேலை வருகிறது.

ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம். .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, அந்த விளிம்பில்தான் அது நிற்கும். பிரிட்டிஷ் ராணுவ அளவுப்படி 0.064 அங்குல கேஜ் (அளவுத் துண்டு) வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜில் மூடக் கூடாது. கடையில் கிடைக்கும் வணிக கேஜ்களின் மேல் வரம்பு, அதாவது மூடக் கூடாத 'நோ-கோ' அளவு, இதைவிட இறுக்கம். அதனால் ஒரே துப்பாக்கி ஒருவர் கேஜில் தேறும், இன்னொருவர் கேஜில் தோற்கும். "நோ-கோ கேஜில் மூடிவிட்டது, துப்பாக்கி போச்சு" என்று ஒருவரும் "இல்லவே இல்லை" என்று இன்னொருவரும் நாள்கணக்கில் சண்டை போடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இருவருமே கேஜில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லியிருந்தால் இரண்டே வரியில் முடிந்திருக்கும். 2ஏ1 என்றால் கதையே வேறு. அது 7.62 நேட்டோ தோட்டா, விளிம்பு கிடையாது, கூடு குறுகத் தொடங்கும் தோளில் நிற்கும். .303 கேஜுக்கு அங்கே வேலையே இல்லை.

அளக்கும் முறையையும் சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்கு அர்த்தம். துப்பாக்கி காலி என்பதைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்க்க வேண்டும். சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிவிட வேண்டும். அது இருந்தால் அதன் ஸ்பிரிங் கேஜைத் தள்ளிக் கள்ள அளவு காட்டும். தோட்டா உட்காரும் சேம்பரையும் போல்ட் முகத்தையும் துடைக்க வேண்டும், காய்ந்துபோன காஸ்மோலின் கிரீஸ் ஒரு படலமே அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு விழுங்கும். பிறகு கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் இறக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி மூடினால் எந்த கேஜும் மூடும்.

நம்பர் 4 ரைஃபிளில் அளவு மிஞ்சியிருந்தால் போல்ட் தலையை மாற்றலாம். 0 முதல் 3 வரை எண் போட்டு வந்தவை, எண் ஏற நீளம் ஏறும். "3-ஆம் நம்பர் தலை வாங்கிப் போடு" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பொறித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் நீளத்தை அளக்கச் சொல்வதும், தலையைத் திருகி இறுக்கிய பிறகு அது போல்ட்டின் லக்குக்கு (பூட்டும் புடைப்புக்கு) நேராக வந்து நிற்கிறதா, தாண்டிச் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்வதும் அதே பதிலில் வர வேண்டும். நம்பர் 1 மார்க் 3-ல் இப்படி எண் போட்ட தலைகள் கிடையாது. மாடல் கேட்காமல் சொன்ன யோசனை இங்கே காசைக் கரைக்கும்.

நம்மூர் போலீஸ்காரர்கள் தோளில் பல காலம் தொங்கிய அதே .303 குடும்பம் என்பதால் இஷாப்பூர் துப்பாக்கிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேற்கு வங்கத்து ஆலையில் செய்த இவை உபரியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அங்கே புதியவர்கள் மலிவாக வாங்கும் முதல் துப்பாக்கிகளில் ஒன்றாக இருந்தன. வாங்கியவுடன் கழற்றிச் சுத்தம் செய்ய ஆசை வரும். பின்கட்டைதான் முதலில் கண்ணில் படும், அதன் முனையில் உள்ள பட் பிளேட் தகட்டைத் திறந்து நீளத் திருப்புளியை உள்ளே விட்டு, கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியான கட்டை போல்ட்டைச் சுற்றுவார்கள். அந்த போல்ட்டின் முன்நுனி சதுரமானது. ரிசீவரின் சாக்கெட்டைத் தாண்டி முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் சிறு தகட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கும், தானாகக் கழலாமல் இருக்க. அதைச் சுற்றினால் தகடும் சேர்ந்து திரும்பும், முன்கட்டை பின்பக்கத்தில் பிளக்கும். இஷாப்பூரும் சேர்ந்த நம்பர் 1 வகையில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைத் தொடக் கூடாது. ஒரே வாக்கியம். இதை "எப்படிக் கழற்றுவது" என்று கேட்டவருக்கு முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் ஒரு கட்டை பிழைத்தது. கட்டை பிளந்த படத்தைப் போட்ட பிறகு "அதுதான் எல்லோருக்கும் தெரியுமே" என்று வருகிறவரை என்ன சொல்வது?

திருப்புளி என்றதும் ஸ்குரூ. துப்பாக்கி ஸ்குரூவின் பள்ளம் குறுகல், பக்கங்கள் நேர். கடையில் வாங்கும் சாதாரணத் திருப்புளி ஆப்பு மாதிரிச் சரிந்தது. பள்ளத்தின் மேல்விளிம்பில் மட்டும் பிடித்து வழுக்கிக்கொண்டு எழும், விளிம்பைக் கிழிக்கும். பள்ளத்தின் நீளத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்துகிற, நுனி இணையாகக் குழித்துத் தீட்டிய பிட் வேண்டும். அசையாத ஸ்குரூவுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவாவது ஊற விட வேண்டும். பிறகு தலையில் சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடு காட்டலாம். கழற்றும் முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்ப்பது பலருக்கு உதவுகிறது. அதற்கும் மசியாவிட்டால் டிரில் பிரஸ், அதாவது துளையிடும் மின் இயந்திரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கில் திருப்புளி பிட்டை மாட்டி, கைப்பிடியால் கீழே அழுத்திக்கொண்டே சக்கைக் கையால் திருப்புவது. அழுத்தம் நேர்க்கோட்டில் இறங்குவதால் பிட் எழும்பாது. இந்தத் தந்திரத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, கைமாறிக் கைமாறி வந்தது. 1939-ல் அயோவா மாநிலத்து மான்டெசூமாவில் பாப் ப்ரவுனெல் தொடங்கிய கருவிக் கம்பெனி, தொழில்காரர்கள் எழுதியனுப்பிய இத்தகைய கைவேலை நுணுக்கங்களைத் தொகுத்துப் புத்தகங்களாகவே போட்டது. அதைப் படித்துச் சொல்கிறவர் அங்கிருந்து எடுத்தேன் என்று சொல்வதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை. ஆனால் "பிளக்கைப் பிடுங்கிவிட்டு" என்பதை விட்டுவிட்டு மீதியைச் சொல்லக் கூடாது.

பாதிக் குறிப்பு ஆபத்து என்பதற்கு இன்னும் சில. "கட்டைக்கு லின்சீட் எண்ணெய் தேய்" என்பார்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட வேண்டும் அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். "விசை கனமாக இருக்கிறதா, சியரை எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு இழு" என்பது இன்னொன்று. விசையை இழுக்கும் வரை சுடும் ஊசியைப் பிடித்துவைக்கும் பாகம்தான் சியர். அந்தப் பாகங்கள் பலவற்றில் கடினப் பதம் மேல்தோலில் மட்டும்தான், அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு ஆழம். கல் அதைத் தாண்டினால் அடியில் மெத்தென்ற இரும்பு. அன்று மாலை அருமையாக வேலை செய்யும், தேயத் தேய ஒருநாள் போல்ட்டை மூடும்போதே தோட்டா வெடிக்கும். விசை வேலைக்கு எழுத்தில் யோசனை கேட்பவருக்கு நல்ல பதில், உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோகச் சொல்வதுதான். இதைக் கர்வம் என்று சிலர் நினைக்கிறார்கள். கோணத்தைக் கண்ணால் பார்க்காமல் சொல்ல முடியாத வேலை அது, அவ்வளவுதான்.

கேள்வி கேட்கிறவர் பக்கமும் கடமை உண்டு. குறியீடுகள் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் படம், எண்ணெயைத் துடைத்துவிட்டு. வரிசை எண் முழுதாகத் தேவையில்லை, கடைசி இரண்டு மூன்று இலக்கங்களை எக்ஸ் போட்டு மறைப்பது வழக்கம். ஆனால் முன்னிலக்கங்களை மறைத்துவிடாதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள் இதற்கு நல்ல உதாரணம்: ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றில் 800,000-க்குக் கீழ் எண்ணுள்ள ரிசீவர்கள் சூடேற்றும்போது அளவு மீறியதால் நொறுங்கும் தன்மை கொண்டவை, சுடாமல் வைத்திருப்பதே நல்லது என்பது பழைய தீர்ப்பு. வெப்பத்தைத் தொழிலாளி கண்ணால் நிறம் பார்த்து மதிப்பிட்ட காலம். வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் ஒரு நிறம். "7 லட்சத்துச் சொச்சம்" என்று தெரிந்தால் போதும், பதில் சொல்பவர் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்.

சில கேள்விகளுக்குப் பதிலே சொல்லக் கூடாது. ரைஃபிள் குழலை 16 அங்குலத்துக்குக் கீழே, ஷாட்கன் குழலை 18-க்குக் கீழே முன்அனுமதி இல்லாமல் குறைப்பது 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கக் கூட்டரசுக் குற்றம். தானியங்கியாக மாற்றுவது பற்றிக் கேட்டால் பேச்சு அதோடு முடிந்தது. நண்பர்களின் துப்பாக்கியைக் காசு வாங்கிச் சீர்செய்வதைத் தொழிலாகச் செய்ய அங்கே உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் இறுக்கம், பழுதுபார்க்கவே உரிமம் தேவை. இங்கிருந்து படிப்பவர்கள் படிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பகிர்தலின் தரத்தை எடைபோட எனக்குப் பிடித்த வேலை ரஸ்ட் புளூயிங். புளூயிங் என்பது இரும்பின் மேல் ஏற்றும் கருநீலப் படலம். துருவை ஏற்றி, கொதிக்க வைத்து, அதைக் கறுப்பாக மாற்றும் பழைய முறைதான் ரஸ்ட் புளூயிங். இரட்டைக்குழல் ஷாட்கன் வைத்திருப்பவர் "புளூயிங் போய்விட்டது" என்றால், கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்கும் ஹாட் புளூயிங் செய் என்று சொல்கிறவர் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. அந்த உப்புக் கரைசல் 140 டிகிரி செல்சியஸ் அருகே கொதிக்கும் காரம். இரண்டு குழல்களையும் நடுவில் ஓடும் பட்டையான ரிப்பையும் ஒட்டியிருக்கும் ஈயப் பற்றை அரிக்கும், ரிப்புக்கு அடியில் புகுந்த உப்பு பின்னாளில் துருவாக வெளியே வழியும். ரஸ்ட் புளூயிங்கில் கொதிநீர் மட்டும்தான், பற்று பிழைக்கும்.

முறை இது. 320 அல்லது 400 உப்புத்தாள் வரை தேய்த்தால் போதும். கண்ணாடியாகப் பளபளத்தால் துரு பிடிக்காது. எண்ணெய்ப் பசையை முற்றிலும் எடுத்து, அதன் பிறகு வெறுங்கை படாமல் பார்க்க வேண்டும். குழலின் இரு முனைக்கும் மர அடைப்பு, அதுவே கைப்பிடி. துரு ஏற்றும் கரைசலைக் கிட்டத்தட்டக் காய்ந்த பஞ்சால் ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பூச வேண்டும். இதமான சூடும் ஈரப்பதமும் உள்ள பெட்டியில் சில மணி நேரம். வெல்வெட் போலச் சன்னமான செந்துரு பூக்கும். காய்ச்சி வடித்த நீரில் பதினைந்து இருபது நிமிடம் கொதிக்க விட்டால் சிவப்பு கறுப்பாகும், அதாவது துரு மேக்னடைட் ஆகிறது. மேலே நிற்கும் கரியை 0000 ஸ்டீல் உல்லால் துடைத்து, மறுபடி பூச்சு. ஐந்து முதல் எட்டு சுற்று. முதல் சுற்றில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கடைசியில் பேக்கிங் சோடா கலந்த நீர், பிறகு தாராளமாக எண்ணெய்.

கெடும் இடங்கள் எல்லாம் தெரிந்தவைதான். குழாய்த் தண்ணீர் வெள்ளைப் புள்ளி விடும். ஸ்டீல் உல் துருப்பிடிக்காமலிருக்க ஆலையில் எண்ணெய் பூசி வரும், அசிட்டோனில் அலசாமல் எடுத்தால் அடுத்த பூச்சு ஒட்டாது. கரைசல் அதிகமானால் செம்பு நிறம் தட்டும். பெட்டியில் நேரம் மிஞ்சினால் குழி விழும். பழைய புத்தகச் சூத்திரங்களில் மெர்குரிக் குளோரைடு இருக்கும், கொடிய விஷம். சூத்திரத்தை அப்படியே பகிர்கிறவர் அதையும் எழுத வேண்டும்.

இத்தனையும் சொல்லிக்கொடுத்த பிறகு கேட்டவர் காணாமல் போய்விடுவார். இதுதான் இந்த வட்டத்தின் நிரந்தரக் குறை. வேலை முடிந்ததும் வந்து, எந்தக் கரைசல், எத்தனை சுற்று, பெட்டிக்குள் எத்தனை மணி நேரம், அன்று ஈரப்பதம் எவ்வளவு, எங்கே திட்டு விழுந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். நன்றி சொல்ல மறந்தால்கூடப் பரவாயில்லை. சரியாக வராவிட்டால் கட்டாயம் எழுதுங்கள், திட்டு விழுந்த இடத்தின் படத்தோடு.