ஓடைக்கு விட்ட பத்து மீட்டர்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழை 400க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. டோங்காட் பக்கத்தில் இருக்கும் எங்கள் கரும்புத் தோட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஓடையை ஒட்டியிருந்த இரண்டு வரிசைக் கரும்பு மட்டும் வேரோடு போயிருந்தது. அந்த இடத்தில் ஆளுயரத்துக்குச் செங்குத்தாக அறுந்த மண்.

"கான்கிரீட் சுவர் கட்டிடலாம்மா" என்றார் மாமனார். அவர் பேசும் தமிழ் அவருடைய பாட்டியிடமிருந்து வந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். கரைக்கு நாணல்தான் காவல் என்று கேட்டு வளர்ந்தவள். "வேண்டாம் மாமா. சுவர்ல மோதுற தண்ணி இன்னும் வேகமா போய்க் கீழ இருக்கவங்க கரையை அறுக்கும்" என்றேன். ஓடைக்குக் குறுக்கே மரக்கட்டைகள் போட்டுத் தண்ணீரை மெதுவாக்க வேண்டும், அதற்குப் பரந்து நிற்க இடம் கொடுக்க வேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் ஆனது.

முதல் வேலை காகித வேலை. ஓடை நம் நிலத்துக்குள் ஓடினாலும் தண்ணீர் நம்முடையது இல்லை. 1998ஆம் வருட தேசிய நீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவில், ஓட்டத்தைத் தடுப்பது, திருப்புவது, படுகையையோ கரையையோ மாற்றுவது எல்லாமே நீர்ப் பயன்பாடுதான். குறுக்கே நாலு கட்டை போடுவதும் அதில் சேரும். பதிவுபெற்ற விஞ்ஞானி ஒருவர் வந்து பார்த்து, பாதிப்பு குறைவு என்று மதிப்பிட்டால் முழு உரிமம் வேண்டாம், பதிவு செய்தால் போதும். எங்கள் மனு ஒருமுறை திரும்பி வந்தது. ஒவ்வொரு கட்டையும் எங்கே வரும் என்ற வரைபடம் இல்லையாம். இதைச் செய்ய நினைப்பவர்கள் வரைபடத்தை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

காத்திருந்த மாதங்களில் மினிசாஸ் கற்றுக்கொண்டோம். ஓடையில் வாழும் சின்ன உயிர்களை வைத்து அதன் உடல்நலத்தைச் சொல்லும் முறை இது. வலையால் ஐந்து நிமிடம் துழாவி, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் 13 வகை உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அழுக்கைத் தாங்கும் புழுவுக்கு 2, சுத்தமான தண்ணீரில் மட்டும் இருக்கும் ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சிக்கு 17. கிடைத்த வகைகளின் சராசரிதான் விடை. எங்கள் தட்டில் புழு, அட்டை, ஈயின் புழு, நத்தை, ஊசித்தும்பியின் குஞ்சு. சராசரி 2.8. மணற்பாங்கான ஓடைக்கு 4.8க்குக் கீழே என்றால் மிக மோசமான நிலை. மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சின்னப் பையனா இருக்கச்ச இங்க நண்டு புடிப்போம்" என்றார். கரும்பை விட்டுக்கொடுக்க அவர் மனம் இறங்கியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பதிவு கைக்கு வந்ததும் இரு கரையிலும் பத்து மீட்டர் கரும்பை எடுத்தோம். உண்ணிச்செடியைப் பிடுங்கினோம். இங்கே சிரிங்கா என்று அழைக்கும் மலைவேம்பும் அந்நிய ஆக்கிரமிப்பு மரம்தான். ஊரில் ஆசையாக வளர்ப்பதை வெட்ட எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் வெட்டினோம். அந்த இடத்தில் உம்டோனி நட்டோம். நம் நாவலுக்கு உறவு, ஈரக்கரையை நன்றாகப் பிடிக்கும். பள்ளத்தில் கரும்புக்காக மாமாவின் அப்பா வெட்டிய வடிகாலை அடைத்தோம். அது முன்பு சதுப்பு நிலம். இப்போது கோரை தானாகவே வந்துவிட்டது.

யூக்கலிப்டஸ் கட்டைகளை ஆறு இடங்களில் குறுக்கே போட்டு முளையடித்தோம். ஓடையின் சாதாரண மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுத்தான் கட்டையை நிறுத்த வேண்டும். அப்போது தினசரி ஓட்டமும் மீனும் கீழே தடையில்லாமல் போகும். வெள்ளம் ஏறும்போது மட்டும் கட்டை பிடித்து நிறுத்தும், தண்ணீர் கரைமேல் பரவி நின்று நின்று இறங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கட்டை சாய்ந்து அதன் ஓரமாகக் கரை அரிக்கத் தொடங்கியது. அதை எடுத்து வேறிடத்தில் போட்டோம். 2022 போன்ற மழையை இந்த ஆறு கட்டைகள் தாங்காது. சாதாரணப் பெருமழையில் கரை அறுப்பதைக் குறைக்கின்றன, அதைக் கண்ணால் பார்த்துவிட்டோம்.

போன மாதம் மறுபடி வலை போட்டோம். அட்டையைக் காணோம். மேஃபிளை என்ற பூச்சியும் தும்பிக் குஞ்சும் புதிதாக வந்திருந்தன. தட்டின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு, இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நின்றது. சராசரி 4.1, இப்போதும் மிக மோசமான நிலைதான். மாமா நண்டைக் கையில் எடுக்காமல் தட்டோடு தூக்கிப்போய்த் தண்ணீரில் மெல்லச் சரித்தார். மேல் தோட்டக்காரர் ஓடைக்கு ஐந்து மீட்டர் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வலையோடு அவர் வீட்டுக்குப் போகிறோம்.